நஞ்சுக்கொடி என்னும் காவல்: கருவுற்ற பெண்ணுக்குக் கொரோனா வந்தபோது நடந்தது என்ன?

2020 ஆகஸ்டில் என் தங்கைக்குப் பிரசவம். இடுப்பு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும், அப்போதைய வழக்கப்படி மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மறுநாள் காலையில் பையன் பிறந்தான். மதியம் ரிசல்ட் வந்தது: பாசிட்டிவ். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை வேறு மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆறு நாள் கழித்துத்தான் அவள் அவனைக் கையில் வாங்கினாள்.

அந்த ஆறு நாளும் பாலைக் கையால் பீச்சி ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். கவச உடை போட்ட நர்ஸ் வந்து வாங்கிப் போவார். மேல்மாடியில் யாரோ அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார்கள். முதல் நாள் வந்த சீம்பால் கிண்ணத்தின் அடியைக்கூட முழுதாக நனைக்கவில்லை. "இத்தனூண்டு போதுமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அழுதாளாம். எங்களை உள்ளே விடவில்லை; போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அவளுடைய மாமியார் என் அம்மாவுக்கு நாளுக்கு நான்கு முறை போன் செய்வார். "சம்மந்தி, பேரனுக்கு டெஸ்ட் எடுத்துட்டாங்களா? அவனுக்கு இல்லைதானே?" பேசிய எல்லோரும் கேட்டது அதையேதான். தங்கைக்கு மூச்சு எப்படி இருக்கிறது, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று விசாரித்தவர்கள் குறைவு. நானும் விசாரிக்கவில்லை.

உலகமும் அன்று அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டது. குழந்தைக்குத் தொற்றுமா, தொற்றாதா? அதன்பின் சேர்ந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, கேள்வியின் முனையே வேறு பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வைரஸ் பிறந்த குழந்தைகளை நேரடியாகத் தொட்டது மிகக் குறைவு. தாயின் நுரையீரல் வழியாக, ரத்தம் வழியாக, நஞ்சுக்கொடி வழியாகச் செய்த கேடுதான் அதிகம்.

முதல் கேள்வி எழுந்ததில் தப்பில்லை. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லா, கருவுற்ற முதல் மாதங்களில் வந்தால் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கும் என்பது பழைய பாடம். 2015, 2016-இல் பிரேசிலில் ஸிகா வைரஸ் பரவியபோது தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருந்தோம். கொரோனா குடும்பத்திலேயே முன்னனுபவம் உண்டு. 2003-இல் ஹாங்காங்கில் சார்ஸ் கண்ட 12 கர்ப்பிணிகளில் 3 பேர் இறந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடத் தாயிடமிருந்து அந்த வைரஸ் தொற்றவில்லை. பின்னால் நடக்கவிருந்த அத்தனைக்கும் அதில் ஒரு துப்பு இருந்தது.

வூஹானிலிருந்து முதல் செய்திகள் 2020 பிப்ரவரியில் வந்தன. சோங்நான் மருத்துவமனையில் கொரோனா நிமோனியாவோடு பிரசவித்த 9 பெண்களைப் பற்றிய ஆய்வை 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஒன்பதும் சிசேரியன். ஆறு பேரிடம் பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்தம், தாய்ப்பால், குழந்தையின் தொண்டைச் சளி என்று எடுத்துச் சோதித்தார்கள். எதிலும் வைரஸ் இல்லை. ஆனால் அதே நகரத்தில் பிறந்து 30 மணி நேரமே ஆன ஒரு குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தது என்ற செய்திதான் உலகைச் சுற்றி வந்தது. முப்பது மணி நேரம் என்பது குழப்பமான இடைவெளி. கருவறையில் தொற்றியதா, பிரசவ அறையில் யாராவது இருமியதில் வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கருவிலேயே தொற்ற முடியும் என்பதை ஐயமறக் காட்டிய குழந்தை பிறந்தது பாரிஸ் அருகே உள்ள கிளாமார் நகரில், 2020 மார்ச்சில். தாய்க்கு 23 வயது. பனிக்குடம் உடையும் முன்பே எடுத்த நீரிலும், தாயின் ரத்தத்திலும், நஞ்சுக்கொடியிலும், குழந்தையிடமும் வைரஸ் இருந்தது. தாயின் ரத்தத்தில் இருந்ததைவிட நஞ்சுக்கொடியில் இருந்த அளவு பல மடங்கு. மூன்றாம் நாள் குழந்தைக்கு எரிச்சலும் உடல் விறைப்பும் வந்தன. சில வாரங்களில் தேறிவிட்டது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் புனேவின் சசூன் மருத்துவமனை மருத்துவர்கள் இந்தியாவில் அப்படி ஒரு குழந்தையைப் பற்றி அறிவித்தார்கள். தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் வைரஸ் தென்பட்டது. அந்தக் குழந்தையும் பிழைத்து வீடு திரும்பியது.

ஆக, தொற்ற முடியும். எத்தனை பேருக்கு? பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் 'பிஎம்ஜே' இதழில் வந்த கணக்கு தெளிவானது. தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பாசிட்டிவ் ஆனவை 1.8 சதவீதம். அதிலும் கருவறையிலேயே தொற்றியது என்று முறைப்படி உறுதி செய்ய முடிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுகப்பிரசவமா, சிசேரியனா, தாய்ப்பால் கொடுத்தார்களா, தாயோடு ஒரே அறையில் வைத்திருந்தார்களா என்பவற்றுக்கும் குழந்தைக்குத் தொற்றியதற்கும் தொடர்பே தெரியவில்லை. தாயின் நோய் எவ்வளவு கடுமை என்பதோடுதான் தொடர்பு இருந்தது. இந்த ஒரு வரி 2020 ஆகஸ்டில் எங்கள் கையில் இருந்திருந்தால் தங்கையின் அந்த ஆறு நாள் வேறு மாதிரி போயிருக்கும்.

ஏன் இவ்வளவு குறைவு? இங்கேதான் நஞ்சுக்கொடியைப் பற்றிப் பேச வேண்டும். நம் பேச்சில் அதற்கு 'நஞ்சு' என்றே பெயர். பிரசவம் ஆனதும் வீட்டில் மூத்த பெண்கள் கேட்கும் அடுத்த கேள்வி "நஞ்சு முழுசா விழுந்துடுச்சா?" என்பதுதான். மாடு கன்று போட்டால் விழும் இளங்கொடியைப் பழந்துணியிலோ சாக்கிலோ சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். பால் வடியும் மரம் என்பதால் மாடும் பால் குறையாமல் கறக்கும் என்று நம்பிக்கை. மனுஷி விஷயத்தில் அந்த மரியாதைகூட இல்லை. பேரே நஞ்சு. வெளியே வந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது, கழிவு.

ஸ்டீல் ட்ரேயில் வைத்துப் பார்த்தால் அது ஒரு தோசையளவு அகலம், அரைக் கிலோ எடை. தாயின் பக்கம் ஒட்டியிருந்த முகம் பச்சை ஈரல்போலக் கருஞ்சிவப்பு, பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும். குழந்தையின் பக்கம் வழவழப்பான சவ்வு, அதன் மேல் மரத்தின் வேர்கள்போல ஓடும் ரத்தக் குழாய்கள், நடுவில் தொப்புள்கொடி. உள்ளே லட்சக்கணக்கான சின்ன விழுதுகள் தாயின் ரத்தக் குளத்தில் தொங்குகின்றன. பேறுகால நெருக்கத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கருப்பையை நோக்கிப் பாய்கிறது. அவ்வளவு பாய்ந்தும் தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. விழுதுகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலம் ஆக்ஸிஜனையும் சர்க்கரையையும் நோய் எதிர்ப்புப் புரதங்களையும் உள்ளே விடும். பெரும்பாலான கிருமிகளை வெளியே நிறுத்தும்.

கொரோனா வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற பூட்டு வேண்டும். அதைத் திறக்க உதவும் இன்னொரு நொதியும் கூடவே இருக்க வேண்டும். நுரையீரல் அணுக்களில் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. நஞ்சுக்கொடியின் அணுக்களில் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. அதோடு, இந்த வைரஸ் ரத்தத்தில் பெருமளவில் மிதப்பதும் குறைவு. மூச்சுப் பாதைதான் அதன் வீடு. பெரும்பாலான கருக்களை இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்து காத்தன.

காவலுக்கு நின்றதே அடிபட்டபோதுதான் கொடுமை நடந்தது. 2021-இன் தொடக்கத்தில், ஆல்பா வகை பரவிய நாட்களில், அயர்லாந்தில் தொற்று கண்ட சில தாய்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. நஞ்சுக்கொடியை வெட்டிப் பார்த்த நோயியல் மருத்துவர்கள் வழக்கமான பஞ்சுத் தன்மைக்குப் பதில் கெட்டிப்பட்ட, வெளிறிய திசுவைக் கண்டார்கள். ரத்தம் ஓட வேண்டிய இடைவெளிகளில் ஃபைப்ரின் என்ற உறைபுரதம் சிமெண்ட்போல இறுகியிருந்தது. விழுதுகளைப் போர்த்திய படலம் செத்திருந்தது. 12 நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட 68 நிகழ்வுகளைத் திரட்டிய ஆய்வு 2022-இல் வந்தது. அந்த 68-இல் 64 வயிற்றிலேயே இறந்தவை, 4 பிறந்த சில நாட்களில் இறந்தவை. நஞ்சுக்கொடியில் சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் அழிந்திருந்தது. அத்தனை தாய்களும் தடுப்பூசி போடாதவர்கள். இறந்த குழந்தைகளின் உடலில் வைரஸ் பெரும்பாலும் காரணமாகத் தெரியவில்லை. ஆக்ஸிஜன் வரும் வழி அடைபட்டு அவை மூச்சுமுட்டி இறந்திருக்கின்றன.

இது எல்லோருக்கும் நடந்ததல்ல, அரிதுதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் தெரியும் அளவுக்கு நடந்தது. அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை 12 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை ஆராய்ந்தபோது, தொற்றில்லாத தாய்களிடம் 0.64 சதவீதமாக இருந்த வயிற்றுச் சாவு, தொற்றுள்ளவர்களிடம் 1.26 சதவீதமாக இருந்தது. டெல்டா வகை வந்த பிறகு அந்த ஆபத்து தொற்றில்லாதவர்களைவிட நான்கு மடங்கானது. நூறில் ஒன்று என்பது சின்ன எண்போலத் தெரியும். தொட்டில் துணி தைத்து, பெயர் பார்த்து வைத்த வீட்டில் அது சின்ன எண் இல்லை.

நஞ்சுக்கொடிக்கு அப்புறம் தாயின் உடல். கருவுற்றவளுக்குச் சாதாரண நாளிலேயே ஆக்ஸிஜன் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. மேலே ஏறும் கருப்பை உதரவிதானத்தைத் தள்ளுவதால் நுரையீரலில் இருப்பாக நிற்கும் காற்று அதே அளவு குறைகிறது. செலவு கூடி சேமிப்பு குறைந்த குடும்பம்போல. ரத்தம் உறையும் தன்மையும் பிரசவத்தை முன்னிட்டு இயற்கையாகவே அதிகம். இப்படிப்பட்ட உடம்பில் நிமோனியா வந்தால் சரிவு வேகமாக இருக்கும். இரண்டாம் அலையின்போது வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு 93, 94 என்று பார்த்துக்கொண்டிருந்தோமே, கர்ப்பிணிக்கு அந்த எண்ணே போதாது. 95-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது மகப்பேறு மருத்துவர்களின் கணக்கு. தாயின் ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் குறைந்தால் பிள்ளைக்கு ஆக்ஸிஜன் கடந்து போகாது.

இந்தியாவில் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இருந்த வித்தியாசத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூனில் எண்களாகவே வைத்தது. முதல் அலையில் 1,143 பெண்கள், இரண்டாம் அலையில் 387 பெண்கள், கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களும். அறிகுறியோடு வந்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 28.7 ஆனார்கள். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7-க்குத் தாவியது. நூறு பேர் வந்தால் ஆறு பேர். ஏப்ரல், மே மாதங்களில் படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் அலைந்தவர்களுக்கு இதைப் படித்துக் காட்டத் தேவையில்லை. இலங்கையில் அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து நான்கு மாதங்களில் 40-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் கொரோனாவால் இறந்ததைச் சொல்லி, முடிந்தால் கருத்தரிப்பதை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்று சுகாதாரத் துறையினரே செப்டம்பரில் வேண்டிக்கொண்டார்கள். அங்கே சாதாரணமாக ஓர் ஆண்டு முழுவதிலும் நிகழும் பேறுகால இறப்புகளே நூறுக்குள்தான்.

தாய்க்கு மூச்சுத் திணறும்போது மருத்துவர் முன் நிற்பது கடினமான முடிவு. குழந்தையை எடுத்துவிட்டால் உதரவிதானம் இறங்கி அவளுக்கு மூச்சு கொஞ்சம் எளிதாகும். ஆனால் 30, 32 வாரத்தில் எடுத்த குழந்தையின் நுரையீரல் இன்னும் விரியக் கற்றுக்கொண்டிருக்காது. 18 நாடுகளில் 2,100-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வழிநடத்திய இன்டர்கோவிட் ஆய்வு 2021-இல் சொன்னது இது: தொற்று கண்டவர்களுக்குக் குறைப்பிரசவ ஆபத்து 59 சதவீதம் அதிகம், ரத்த அழுத்தம் எகிறிச் சிறுநீரில் புரதம் போகும் ப்ரீஎக்லாம்ப்சியா 76 சதவீதம் அதிகம். குறைப்பிரசவங்களில் பெரும்பாலானவை தானாக வலி எடுத்து நிகழ்ந்தவை அல்ல; தாயையோ பிள்ளையையோ காப்பாற்ற மருத்துவர்களே நாள் குறித்து எடுத்தவை. கொரோனா காலத்தில் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் இன்குபேட்டருக்குள் கிடந்த பிள்ளைகளில் வைரஸ் தொற்றியவர்கள் சொற்பம். அவசரமாக வெளியே வந்தவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம். கடும் கொரோனாவுக்கு உயிர்காக்கும் மருந்தாக 2020 ஜூனில் நிரூபணமானது டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலைப் பழுக்கவைக்க மகப்பேறு மருத்துவர்கள் பல்லாண்டுகளாகத் தாய்க்குப் போட்டுவந்த ஊசியும் அதேதான். அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போகும் என்பதால்தான் அதற்குப் பயன்பட்டது. தாயின் நிமோனியாவுக்காகப் பத்து நாள் கொடுக்க வேண்டி வந்தபோது அதே குணம் இடைஞ்சல் ஆனது; பிள்ளைக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. அதனால், டெக்ஸாமெதசோனின் பலனை நிரூபித்த பிரிட்டன் ஆய்வில் கர்ப்பிணிகளுக்கு மட்டும் பிரெட்னிசலோன் என்ற வேறொரு ஸ்டீராய்டை மாற்றாக வைத்தார்கள். நஞ்சுக்கொடி அதைப் பெருமளவு செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் உள்ளே விடும். எதை விட வேண்டும், எதை வடிகட்ட வேண்டும் என்று அந்த உறுப்புக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாயையும் பிள்ளையையும் பிரித்த விஷயத்துக்குத் திரும்புகிறேன். சீனாவில் 14 நாள் தனிமை, தாய்ப்பால் வேண்டாம் என்று தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2020 ஏப்ரலில் தற்காலிகமாகப் பிரித்து வையுங்கள் என்றுதான் சொன்னது. அன்றைய அறிவுக்கு அது எச்சரிக்கைதான். ஆனால் ஜூனிலேயே உலக சுகாதார நிறுவனம், முகக்கவசம் போட்டு, கைகளைக் கழுவிவிட்டுத் தாய் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பாசிட்டிவ் தாய்களுக்குப் பிறந்த 120 குழந்தைகள். பெரும்பாலானவை தாயின் அறையிலேயே இருந்து, பால் குடித்து வளர்ந்தவை. ஒரு வாரம் வரை தொடர்ந்து பார்த்த 82 குழந்தைகளில் ஒன்றுக்கும் தொற்று இல்லை. அமெரிக்கச் சங்கமும் அதே மாதம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆகஸ்டில் 18 பெண்களின் 64 பால் மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றே ஒன்றில் வைரஸின் மரபுப்பொருள் தட்டுப்பட்டது. பெருகக்கூடிய உயிருள்ள வைரஸ் அதிலும் இல்லை. தொற்று கண்ட தாயின் பாலில் வைரஸை எதிர்க்கும் புரதங்கள் இருந்தன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. நாம் குழந்தையிடமிருந்து விலக்கி வைத்தது அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய மருந்தை.

என் தங்கையின் பிள்ளை நிறைமாதம், நல்ல எடை. பாலாடையில் புகட்டியே சமாளித்தான். ஒன்றரைக் கிலோவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் பிரிவு உயிர்ப் பிரச்சினை. அவற்றைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறை, ஏழை நாடுகளில் இன்குபேட்டரின் வேலையைச் செய்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது கிடைத்தால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் 1,25,000-க்கும் அதிகம், தாயோடு வைப்பதால் கொரோனா தொற்றி இறக்கக்கூடியவை 2,000-க்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அடங்கிய ஓர் ஆய்வுக் குழு 2021-இல் மதிப்பிட்டது. அந்த நேரத்தில் பல நாடுகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் தாய்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. கவச உடைக்குள் எட்டு மணி நேரம் வியர்த்து நின்ற நர்ஸ்கள்தான் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். ஆனால் புதிய சான்று வந்த பிறகும் பழைய சுற்றறிக்கை பல இடங்களில் மாதக்கணக்கில் நடைமுறையில் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தடுப்பூசியிலும் இதே தாமதம், இன்னும் பெரிய விலையோடு. முதல் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. தாலிடோமைடு மருந்தால் கை கால் இல்லாமல் குழந்தைகள் பிறந்த 1960-களின் நினைவு மருத்துவ உலகை விட்டு இன்னும் போகவில்லை. கர்ப்பிணி என்றால் ஒதுக்கிவைப்பதே பாதுகாப்பு என்ற வழக்கம் அப்படி வந்தது. இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்களுக்கு 2021 ஜனவரியில் ஊசி தொடங்கியது. பாலூட்டும் தாய்களுக்கு மே மாதம் அனுமதி. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2. இரண்டாம் அலை ஏப்ரலிலும் மேயிலும் வந்து போயிருந்தது. பின்னர் கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, "ஏழு மாசம் ஆச்சே, இப்போ போய் ஊசியா?" என்று மறித்த மாமியார்களிடமும் கணவர்களிடமும் பேசிப் பேசித்தான் போட வைத்தார்கள். தயங்கியவர்களை நான் பழிக்க மாட்டேன். ஆறு மாதம் 'உங்களுக்குக் கிடையாது' என்று சொன்ன ஒன்றை ஏழாவது மாதம் 'கட்டாயம் போடுங்கள்' என்றால் யாருக்கும் தயக்கம் வரும்.

ஊசி என்ன செய்தது என்பதை ஸ்காட்லாந்து காட்டியது. அங்கே நாட்டின் எல்லாக் கர்ப்பிணிகளின் பதிவும் ஓரிடத்தில் இருக்கிறது. 2020 டிசம்பர் முதல் 2021 அக்டோபர் வரை தீவிர சிகிச்சைக்குப் போன கொரோனா கர்ப்பிணிகளில் 98 சதவீதம் பேர் ஊசி போடாதவர்கள். தாய்க்குத் தொற்று வந்தபின் இறந்த குழந்தைகளின் தாய்கள் அத்தனை பேரும் ஊசி போடாதவர்கள். இங்கிலாந்தில் 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரை எக்மோ கருவியில் வைக்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஊசி போடாத கர்ப்பிணி. எக்மோ என்றால் என்ன என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை, எஸ்.பி.பி.க்காக 2020-இல் தமிழ்நாடே காத்திருந்தபோது கற்றுக்கொண்ட சொல் அது.

ஊசியால் பிள்ளைக்கும் நேரடி ஆதாயம் உண்டு. தாயின் ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை நஞ்சுக்கொடி தானே பிடித்து இழுத்து உள்ளே சேர்க்கிறது. நிறைமாதத்தில் சில நேரம் தாயைவிடப் பிள்ளையிடம் அளவு கூடுதலாக இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஊசியே கிடையாது என்பதால் தாய் கொடுத்தனுப்பும் இந்தச் சீர்தான் அதற்கு முக்கியக் கவசம். அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஆய்வின்படி, தாய் கர்ப்பத்தில் ஊசி போட்டிருந்தால் குழந்தை கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து பாதியாகக் குறைந்தது. 20 வாரத்துக்குப் பிறகு போட்டிருந்தால் 69 சதவீதம் குறைந்தது.

இன்றைக்குப் பெற்றோர் கேட்பது வேறொன்று. வயிற்றில் இருக்கும்போது எனக்கு வந்ததே, பிள்ளையின் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. மியாமியில் இரண்டு குழந்தைகளைப் பற்றி 2023-இல் எழுதினார்கள். தாய்களுக்கு நடுமாதங்களில் தொற்று. இரண்டுக்கும் பிறந்த நாளிலேயே வலிப்பு, பின்னர் மூளை வளர்ச்சிக் குறைவு. ஒரு குழந்தை 13 மாதத்தில் இறந்தது, அதன் மூளையில் வைரஸின் தடம் இருந்தது. இது மிக அபூர்வம். பொதுவான படம் இவ்வளவு கொடியதல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், 2020-இல் பிறந்த 255 குழந்தைகளை ஆறு மாதத்தில் பரிசோதித்தார்கள். தாய்க்குத் தொற்று வந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் ஏதும் இல்லை. ஆனால் பெருந்தொற்றுக்கு முன் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 2020-இல் பிறந்த எல்லோருமே கை கால் அசைவிலும் பிறரோடு பழகுவதிலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். வீட்டுக்குள் அடைபட்ட காலம், தாயின் மனக்கலக்கம், முகக்கவசம் போட்ட முகங்கள், வந்து கொஞ்ச ஆளில்லாத வீடு இவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதல்ல. வளைகாப்புக்கு நான்கு பேர், தொட்டில் போடும்போது இரண்டு பேர் என்று நடந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

மாசசூசெட்ஸ் மருத்துவர்கள் 18,000-க்கும் அதிகமான பிரசவங்களை வைத்து 2025-இல் வெளியிட்ட கணக்கு கொஞ்சம் கவலை தருவது. மூன்று வயதுக்குள் பேச்சுத் தாமதம், அசைவுத் தாமதம் போன்ற ஏதாவதொரு வளர்ச்சிக் குறை பதிவானது, தொற்று கண்ட தாய்களின் பிள்ளைகளில் 16 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. வயது, குறைப்பிரசவம் முதலான மற்றக் காரணங்களைக் கழித்த பிறகு வித்தியாசம் சுருங்குகிறது, மறைந்துவிடவில்லை. அவர்களே அழுத்திச் சொல்வதுபோல, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் 2020, 2021-இல் தாய்க்குக் கடும் தொற்று இருந்து குறைமாதத்தில் பிறந்த பிள்ளை இன்று பேசத் திணறினால், 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்று தள்ளிப்போடாமல், பிறப்புச் சான்றோடு அன்றைய டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போய்விட வேண்டும். காலத்தில் கொடுக்கும் பயிற்சிக்கு இந்த வயதில் நல்ல பலன் உண்டு.

வைரஸ் இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. ஒமிக்ரானுக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சளிக்காய்ச்சல் அளவில் வந்து போகிறது. ஏற்கெனவே தொற்றியும் ஊசி போட்டும் உடம்பில் சேர்ந்த எதிர்ப்பு அதற்கு முக்கியக் காரணம். அமெரிக்க அரசு 2025 மே மாதம் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்குக் கொரோனா ஊசிப் பரிந்துரையை விலக்கியபோது, அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு அதை ஏற்காமல், ஊசி தேவை என்ற தன் நிலையிலேயே நின்றது. மேலே சொன்ன கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

தங்கை 2023-இல் மறுபடி உண்டானாள். எட்டாம் மாதத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்து, இருந்த கிட்டில் சோதித்தால் இரண்டு கோடு. இம்முறை டாக்டர் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லும் முன் அவள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு சொன்னார்: "காய்ச்சல் மூணு நாள்ல போயிடும்மா. அதுக்கப்புறம் ரெண்டு வாரம்தான் எனக்கு முக்கியம். சாப்பிட்டுட்டு இடது பக்கமாப் படுத்து அசைவை எண்ணு. குறையுதுன்னு தோணுச்சுன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதே, ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்பி வந்துடு." நஞ்சுக்கொடி அடைபடத் தொடங்கினால் தாய்க்கு வேறு அறிகுறி தெரியாமல் போகலாம், பிள்ளை அசைவைக் குறைத்துக்கொள்வதுதான் பல நேரம் முதல் அடையாளம். அம்மா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுக் கொடுத்தாள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை படுத்துக்கொள்வாள். மூன்று வயது மூத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் 'இப்போ' என்று சொல்லும்போதெல்லாம் கட்டத்தில் ஒரு கோடு போடுவான்.